"ஷாக் போயிட்டா அண்ணாச்சி?" பழைய பைக்குகளின் சஸ்பென்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. உள்ளே வலது கால் கியர் புல்லட் ஒன்று, ஆர்.எக்ஸ். 100 ஒன்று, அடுத்த மாதம் ஓடிவிடும் என்று பத்து வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் யெஸ்டி ஒன்று. தொழில்முறை மெக்கானிக் இல்லை நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக் கதவு திறந்திருந்தால் யாராவது வண்டியோடு வந்து நிற்பார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். வாயால் சொல்லிச் சலித்துவிட்டது, எழுதிவிட்டேன். முன்னால் டெலஸ்கோபிக் ஃபோர்க் (குழாய்க்குள் குழாய் நுழைந்து அழுந்துகிற இரண்டு கால்கள்), பின்னால் இரட்டை ஷாக், டிரம் பிரேக் என்று இருக்கிற எந்தப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும்.

ஷாக் அப்சர் போயிட்டு. புதுசு போட்டுரலாமா?

பொறுங்கள். ஷாக் போய்விட்டது என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் ஷாக் நன்றாகத்தான் இருக்கிறது. நான் பார்க்கிற வரிசை இது: முதலில் காற்று, அப்புறம் டயர், ஸ்போக்ஸ், வீல் பேரிங், ஹேண்டில் கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்), ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைகிற கை) புஷ், செயின். ஷாக் கடைசி. விலை குறைந்ததிலிருந்து கூடியது நோக்கிப் போகிற வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கூடல் பக்கமிருந்து ஒரு பால்காரர் சி.டி. 100 ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு ஷாக்கும் புதுசு. "மாத்தியும் குதிக்குவே" என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தால் பின் டயரில் 46 பி.எஸ்.ஐ. பால் கேன் ஏற்றுவதால் பங்க்சர் கடைக்காரர் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து "கல்லு மாதிரி" அடித்திருக்கிறார். கேன் காலியாகித் திரும்பும்போது வண்டி குதிக்காமல் என்ன செய்யும்? 32-க்கு இறக்கியதும் ஆள் வேறு வண்டியில் ஏறிய மாதிரி சிரித்தார். பழைய ஷாக்கை வீசிவிட்டாராம், அதுதான் வருத்தம்.

ஷாக்கை நேராகச் சோதிக்க: டபுள் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சீட்டின் பின்பக்கத்தை உடல் எடை போட்டு அழுத்தி, சட்டென்று விடுங்கள். எழும்பி ஒரே தடவையில் அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை தொட்டில் மாதிரி ஆடினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. ஷாக்கின் தண்டில் ஈரப்பசையோடு மண் ஒட்டியிருந்தாலும் சீல் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

எவ்வளவு காற்று வைக்கலாம்?

வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான். கையேடு கிடைக்காவிட்டால் 100 சி.சி. வண்டிகளுக்கு முன்னால் 22 முதல் 25, பின்னால் தனி ஆளுக்கு 28, ஜோடியாகப் போனால் 32 என்று தொடங்கலாம். பழைய புல்லட்டுக்கு முன்சக்கரத்தில் இன்னும் குறைவு, 20-ஐ ஒட்டி. காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓடிய டயரை அளந்து, "கூட இருக்கே" என்று காற்றை இறக்கிவிடாதீர்கள்.

40, 50-ல் போகும்போது ஹேண்டிலை லேசாக விட்டால் கிடுகிடுவென்று ஆடுகிறது. என்ன கோளாறு?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். ஹேண்டில் திரும்புகிற அச்சைக் கற்பனையில் நேராக நீட்டித் தரை வரை கொண்டுபோனால், அது முன்சக்கரம் தரையைத் தொடுகிற இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரம் தள்ளுகிற பக்கம் தானாகத் திரும்பி ஓடுகிறதல்லவா, அதே சங்கதி. முன்சக்கரம் எப்போதும் நேராக வரத்தான் பார்க்கும். வருகிற வேகத்தில் நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், மறுபடி திரும்பும். எல்லாம் இறுக்கமாக இருந்தால் இந்த ஆட்டம் உடனே அடங்கும். எங்கேயாவது ஒரு இடத்தில் பிளே, அதாவது தளர்ந்த அசைவு, இருந்தால் அடங்காது. நொடிக்கு ஆறிலிருந்து பத்துத் தடவை வரை ஆடும்.

பிளே எங்கே என்று கண்டுபிடிக்க, வண்டியை டபுள் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். கீழே உட்கார்ந்து ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, திரும்பத் தள்ளுங்கள். கூட ஒருத்தர் ஹேண்டில் தண்டும் ஃபிரேமும் சேருகிற இடத்தில் விரலை வைத்திருக்கட்டும். விரலுக்கு 'டுக்' என்று தெரிந்தால் கோன் செட் லூஸ்.

அடுத்து ஹேண்டிலை இடமிருந்து வலம் மெதுவாக, ஒரு விரலால் மட்டும் திருப்புங்கள். நடுவுக்கு வரும்போது பள்ளத்தில் விழுந்த மாதிரி ஒரு இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் பால்ரஸ், அதாவது இரும்புக் குண்டுகள், உருள்கிற கோப்பையில் குழி விழுந்துவிட்டது. வருடக்கணக்காக நேராகவே ஓடுகிற வண்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் அதே பத்துப் பதினைந்து குண்டுகள் அதே இடத்தில் குத்தியிருக்கும். நான் கழற்றிய ஒரு ஆர்.எக்ஸ். கோப்பையில் வரிசையாகச் சின்னச் சின்ன அரிசிக் குழிகள், பல்லாங்குழிப் பலகையைச் சுருட்டி வைத்த மாதிரி. இதை இறுக்கினால் தீராது, இன்னும் மோசமாகும். வண்டி ஒரு பக்கம் சாயும், நீங்கள் திருத்துவீர்கள், மறுபக்கம் சாயும். குறைந்த வேகத்தில் குடித்தவன் நடை மாதிரி போகும். செட்டாக மாற்றுங்கள். குண்டு மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

கோன் சரியாக இருந்தால் டயரைப் பாருங்கள். முன் டயரின் பட்டைகளில் ஏற்ற இறக்கமாகத் தேய்மானம் இருந்தாலும், ரிம்மில் கோட்டம் இருந்தாலும், ஸ்போக்ஸ் லூஸ் என்றாலும் இதே ஆட்டம் வரும். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகச் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமானது 'டிங்' என்னும். லூஸானது 'டக்' என்று செத்த சத்தம் போடும்.

பிரேக் பிடித்தால் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். ஃபோர்க்கா?

எப்போது சத்தம் வருகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. பிரேக் பிடித்த நொடியில் ஒரே ஒரு 'டக்', விட்டதும் இன்னொன்று என்றால் கோன் லூஸ், அல்லது டிரம் பிரேக் பிளேட் ஃபோர்க் காலில் மாட்டுகிற இடத்தில் தேய்மானம். வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் இறங்கும்போது 'டொக்' என்றால் ஃபோர்க் முழுக்க நீண்டு மேல்முட்டுத் தட்டுகிறது. எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது அடியோடு இருக்காது. பள்ளத்தில் விழும்போது இரும்பு இரும்பைத் தட்டுகிற மாதிரி இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்து, ஃபோர்க் முழுக்க அழுந்தி அடிமுட்டுகிறது.

எனக்கு ஒரு வழக்கமான சோதனை ஓட்டம் உண்டு. வண்ணார்பேட்டையில் கிளம்பி, சுலோச்சன முதலியார் பாலம் வழியாக ஜங்ஷன் வந்து, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்புவது. மேம்பால இணைப்புகளில் வண்டி எழுப்புகிற சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடலாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனால் காது தெளிவாக இருக்கும். முதலியார் 1843-ல் சொந்தக் காசில் பாலம் கட்டியது என் புல்லட்டைச் சோதிக்க இல்லைதான்.

பின் ஷாக்கில் ஸ்பிரிங்கை அழுத்துகிற வளையத்தின் படிகளைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகுமா?

ஆகாது. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினால் மெத்தை கெட்டியாகுமா? அதே கதைதான். படியைக் கூட்டினால் ஸ்பிரிங் முன்கூட்டியே கொஞ்சம் அழுந்தி நிற்கும், அதனால் வண்டியின் பின்பக்கம் உயரும், பின்னால் ஆள் ஏறினாலும் அடிமுட்டாது. ஸ்பிரிங்கின் பலம் அதேதான்.

கூட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று பாருங்கள். இது சில்லறை விஷயமாகத் தெரியும். ஆனால் சைலன்சர் பக்கத்து ஷாக்கில் ஸ்பேனர் போக இடம் இல்லை என்பதற்காக இடது பக்கம் மட்டும் நாலாவது படி, வலது பக்கம் இரண்டாவது படி என்று வைத்துவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொண்டே வேலை செய்யும், புஷ் ஒரு பக்கம் மட்டும் தேயும். துருப்பிடித்து இறுகிய வளையத்தில் டீசல் ஊற்றி ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டித் திருப்புங்கள். உளி வைத்து அடிக்காதீர்கள், வளையம் பிளந்துபோகும்.

எத்தனையாவது படி என்று எப்படி முடிவு செய்வது?

அளந்து. இதற்கு ஒரு டேப்பும் ஒரு நண்பரும் போதும்.

டபுள் ஸ்டாண்டில் பின்சக்கரம் காற்றில் இருக்கும்போது அச்சு நட்டிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஏதாவது ஒரு போல்ட் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் இறக்கி, வழக்கமாக நீங்கள் ஓட்டுகிற கோலத்தில் ஏறி உட்காருங்கள். பின்னால் வீட்டுக்காரம்மா வருவது வழக்கம் என்றால் அவர்களையும் ஏற்றுங்கள். நண்பர் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமிழ்வு. பழைய வண்டிகளில் பின்சக்கரத்தின் மொத்த ஓட்டம் ஏறத்தாழ 60 முதல் 80 மி.மீ.தான். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 முதல் 25 மி.மீ. அமிழ்ந்தால் நல்லது. 40 மி.மீ. அமிழ்கிறது என்றால் படியைக் கூட்டுங்கள். கடைசிப் படியிலும் அமிழ்ந்தே கிடந்தால் ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது. மாறாக, நீங்கள் ஏறியும் 8 மி.மீ.தான் இறங்குகிறது என்றால் வண்டி பள்ளத்துக்குள் சக்கரத்தை இறக்காமல் தாவும்.

முன்னால் அளக்க, ஃபோர்க் பைப்பில் ஒரு மெல்லிய ரப்பர் பேண்டு மாட்டி சீல் விளிம்பு வரை தள்ளிவிடுங்கள். ஏறி உட்கார்ந்து மெதுவாக இறங்கியதும் பேண்டு எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று தெரியும். ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டும் பாருங்கள். பேண்டு உச்சி வரை போயிருந்தால் ஃபோர்க் எங்கோ அடிமுட்டியிருக்கிறது. ஜாவா, புல்லட் மாதிரி தகர உறை போட்ட ஃபோர்க்கில் இது நடக்காது, டேப்தான்.

ஃபோர்க்கில் எஞ்சின் ஆயில் ஊற்றலாமா? எல்லாரும் ஊற்றுகிறார்களே?

நானும் ஊற்றியிருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

எண்ணெயின் மேலே போட்டிருக்கும் எண்கள் ஏமாற்றும். எஞ்சின் ஆயிலில் 20டபிள்யூ50 என்றால் அது ஃபோர்க் ஆயிலின் 20 எண் இல்லை. ஃபோர்க் கொதிக்கிற எஞ்சின் இல்லையே, நம் வெயிலில் நாற்பது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அந்த வெப்பத்தில் 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில், 10 எண் ஃபோர்க் ஆயிலைவிட நான்கைந்து மடங்கு தடிப்பு. என் ஆர்.எக்ஸில் மீந்துபோன எஞ்சின் ஆயிலை ஊற்றிக்கொண்டு குற்றால சீசனுக்குக் கிளம்பினேன். சாலை வழவழப்பாக இருந்தவரை ராஜ நடை. ஆலங்குளம் தாண்டி ஒட்டுப்போட்ட ரோட்டில் ஏறியதும் இரண்டு மணிக்கட்டிலும் சம்மட்டி அடி.

காரணம் எளிமையானது. பழைய ஃபோர்க்குக்குள் ஒரு தண்டில் சில துளைகள், அவ்வளவுதான். எண்ணெய் அந்தத் துளை வழியாகப் பாய வேண்டும். மெதுவாக அழுந்தினால் எளிதாகப் பாயும். வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கூர்மையான பள்ளத்தில் தடித்த எண்ணெய் துளையில் அடைத்துக்கொண்டு ஃபோர்க் இரும்புத் தடியாகிவிடும். மெல்லிய எண்ணெய் என்றால் இந்தக் கொடுமை இல்லை, ஆனால் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் அமிழ்ந்து மூக்கு குத்தும், எழும்பி எழும்பி ஆடும். 100 சி.சி. வண்டிக்கு 10, புல்லட் மாதிரி கனத்த வண்டிக்கு 15 அல்லது 20 என்று ஃபோர்க் ஆயிலாகவே வாங்கித் தொடங்குங்கள். இரண்டு எண்களைக் கலந்தும் பார்க்கலாம், ஒரே கம்பெனியாக இருந்தால் போதும்.

அளவு எண்ணைவிட முக்கியம். எண்ணெய்க்கு மேலே இருக்கிற காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். மட்டம் உயர்ந்தால் காற்றுக்கு இடம் குறையும், ஓட்டத்தின் கடைசிப் பகுதி கெட்டியாகும். அடிமுட்டுகிற வண்டிக்கு 10 மி.மீ. மட்டம் கூட்டிப் பார்ப்பது ஸ்பிரிங் மாற்றுவதைவிட மலிவு. ரொம்பக் கூட்டினால் சீல் பிதுங்கும். இரண்டு காலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற அளவுக் குப்பியை வைத்துக்கொண்டு ஊற்றுவேன் நான், வீட்டில் திட்டு விழும். மேல் மூடியைக் கழற்றும்போது முகத்தை நேரே வைக்காதீர்கள், உள்ளே ஸ்பிரிங் அழுந்திக் காத்திருக்கிறது.

வள்ளியூர் தாண்டினால் காற்று வண்டியைத் தள்ளுகிறது. ஷாக்கை இறுக்கினால் சரியாகுமா?

ஆகாது வே. அது ஆனி ஆடிக் காற்று.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிறது. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பது சும்மா இல்லை. தேசிய நெடுஞ்சாலை 44-ல் தெற்கே போகும்போது வலது விலாவில் அடிக்கும். இதில் ஆபத்தான நொடி எது தெரியுமா? பக்கத்தில் போகிற லாரியின் மறைவிலிருந்து வெளியே வருகிற நொடி. மறைவில் காற்று இல்லாமல் நேராக இருந்திருப்பீர்கள், வெளியே வந்ததும் மொத்தமாக அறையும்.

வண்டியில் செய்யக்கூடியது ஒன்றிரண்டு. ஹேண்டிலில் மாட்டுகிற பெரிய கண்ணாடித் தடுப்பைக் கழற்றிவிடுங்கள், அது இருந்தால் காற்றின் அடி நேரே ஸ்டியரிங்குக்குப் போகும். அகலமான பக்கப் பெட்டிகளும் வேண்டாம். மற்றது ஓட்டுகிறவர் கையில். வேகத்தைக் குறைத்து, முழங்காலால் டேங்கைப் பிடித்து, கையைத் தளர்த்துங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் உங்கள் உடம்பு வாங்குகிற அடியெல்லாம் கை வழியாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆர்.எக்ஸ். மாதிரி நூறு கிலோ வண்டிக்கு இது ரொம்பவே பொருந்தும். புல்லட் கொஞ்சம் அலட்சியமாகப் போகும்.

80-க்கு மேல் போனால் மொத்த வண்டியும் பாம்பு மாதிரி நெளிகிறது.

முதலில் சொன்ன கிடுகிடு ஆட்டம் வேறு, இது வேறு. இது மெதுவானது, நொடிக்கு இரண்டு மூன்று நெளிவு, பின்பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும். பழைய வண்டியில் முதல் சந்தேகம் ஸ்விங் ஆர்ம் புஷ். டபுள் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்துக்கு அருகே ஸ்விங் ஆர்மைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். அரை மி.மீ. அசைவு புஷ்ஷில் தெரிந்தால், சக்கரத்தில் அது பல மி.மீ. ஆகும். ஷாக் எண்ணெய் வற்றியிருந்தாலும், சக்கரம் இரண்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டாலும், பின்னால் அளவுக்கு மேல் சுமை இருந்தாலும் நெளியும்.

ஓடும்போது நெளிந்தால் பிரேக் மேல் பாயாதீர்கள். ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறைத்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, தானாக அடங்க விடுங்கள்.

சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? ஸ்விங் ஆர்மில் கோடு போட்டிருக்கே?

அந்தக் கோடுகளை நம்பாதீர்கள். முப்பது வருடத்தில் அந்த ஸ்விங் ஆர்ம் என்னென்ன பார்த்ததோ. கொத்தனார் நூல் எடுங்கள். பின் டயரைச் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டு முனையும் முன்சக்கரத்தைத் தாண்டிப் போகிற மாதிரி இழுத்து இரண்டு செங்கல்லில் கட்டுங்கள். நூல் பின் டயரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் மெதுவாகத் தொட வேண்டும். இப்போது முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் செயின் அட்ஜஸ்டரில் திருத்துங்கள்.

அப்படியே செயினையும் பார்த்துவிடுங்கள். ஆள் உட்காராதபோது 20 முதல் 30 மி.மீ. தொய்வு வேண்டும். இறுக்கமாக வைத்தால், ஷாக் அழுந்தி அச்சு, ஸ்விங் ஆர்ம் பிவட் (அது ஊசலாடுகிற மூட்டு), முன் ஸ்பிராக்கெட் மூன்றும் ஒரே நேர்க்கோட்டுக்கு வரும்போது செயின் விண்ணென்று இழுத்துக்கொள்ளும். சஸ்பென்ஷன் அதற்கு மேல் இறங்காது. பேரிங்கும் போகும்.

அப்பா வைத்திருந்த பழைய ராஜ்தூத்தில் முன் பிரேக் பிடித்தால் மூக்கு குத்தாமல் எழும்புகிறது. கோளாறா?

கோளாறே இல்லை, பிறவிக் குணம். ராஜ்தூத் 175-இன் மூலம் போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டி. அதன் முன்பக்கத்தில் டெலஸ்கோபிக் ஃபோர்க் கிடையாது. பின்னால் இருக்கிற மாதிரியே முன்னாலும் ஊசலாடுகிற ஒரு கை, அதற்கு இரண்டு ஷாக். பிரேக் பிடிக்கும்போது டிரம் அந்தக் கையையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும், அது முன்பக்கத்தைத் தூக்கும். பழகிவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். குண்டும் குழியுமான கிராமத்து ரோட்டுக்கு அந்த ஃபோர்க் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். பிவட் புஷ்களுக்கு மட்டும் கிரீஸ் தவறாமல் போக வேண்டும். பின்னாளில் வந்த ராஜ்தூத்களில் டெலஸ்கோபிக் வந்துவிட்டது.

புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது யெஸ்டி நிற்கவே மாட்டேன் என்கிறது.

டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங் மிகக் குறைவு. புல்லட்டில் இரண்டாவது கியரில் விட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும். யெஸ்டியில் மொத்தப் பாரமும் டிரம் பிரேக்குக்கு. டிரம் சூடானால் பிடிப்பு குறையும். ஆரியங்காவிலிருந்து செங்கோட்டை வரை பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் ஒரு தடவை நன்றாகப் பிடித்து, விட்டு, ஆற விடுங்கள். வளைவுக்குள் பிடித்தால் ஃபோர்க் அமிழ்ந்து, வண்டி நிமிர்ந்து, மலைப்பாறைப் பக்கமோ லாரிப் பக்கமோ நேராகப் போகும்.

இன்னொன்று, சஸ்பென்ஷனுக்குச் சம்பந்தமில்லாதது: பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டியில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு நெடுநேரம் இறங்கினால் எஞ்சினுக்கு எண்ணெயும் போகாது. நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள்.

கேஸ் ஷாக், அகல டயர், கட் பண்ணிய மட்கார்டு... போடலாமா?

மருமகன் வயதுப் பையன்கள் கேட்கிறார்கள், மனசு நோகாமல் சொல்லப் பார்க்கிறேன்.

கேஸ் ஷாக் கெட்டது இல்லை. நீளம்தான் பிரச்சினை. ஆர்.எக்ஸில் பின்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால் ஸ்டியரிங் கோணம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி நிமிரும், டிரெயில் குறையும். ஊருக்குள் வண்டி சட்டென்று திரும்பும், ஜோராகத் தெரியும். நாங்குநேரி நேர் ரோட்டில் 80-ல் போகும்போது ஹேண்டில் பதற்றப்படும். பழைய ஷாக்கின் கண்ணிலிருந்து கண்ணுக்கு அளந்து அதே நீளத்தில் வாங்குங்கள்.

அகல டயர்: ஆர்.எக்ஸுக்குக் கம்பெனி கொடுத்தது முன்னால் 2.50, பின்னால் 2.75, இரண்டும் 18 அங்குலம். ஒரு படி கூட்டலாம். அதற்கு மேல் போனால் ஒல்லி ரிம் டயரைப் பிதுக்கி முட்டை வடிவமாக்கிவிடும். அகலம் பார்வைக்குத்தான், தரையில் படுகிற பரப்பு அதிகமாகாது. சாய்க்கும்போது ஒரு கட்டம் வரை மந்தமாக இருந்துவிட்டு, அப்புறம் சட்டென்று விழும்.

மட்கார்டு: முன் மட்கார்டையும் அதன் கம்பிகளையும் வெறும் சேறு தடுப்பான் என்று நினைக்க வேண்டாம். பழைய ஃபோர்க் பைப்புகள் ஒல்லி. இரண்டு கால்களும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளாமல் அந்தக் கம்பிதான் கட்டிப்போடுகிறது. டிரம் பிரேக் ஒரு காலை மட்டும் இழுக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கழற்றிவிட்டு, "பிரேக் பிடிச்சா ஒரு பக்கம் இழுக்கு" என்று வருவார்கள்.

வாழைத்தார், பால் கேன், சிமெண்டு மூட்டை ஏற்றும்போது முன்னால் லேசாகிவிடுகிறது.

சுமை பின் அச்சுக்குப் பின்னால் போகப் போக முன்சக்கரம் தரையைத் தொடுவது பெயருக்குத்தான். கேரியரின் வாலில் தொங்கவிடாமல் சீட்டின் மேல், முடிந்தவரை முன்னாலும் தாழ்வாகவும் கட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். ஒரு பக்கக் கேன் மட்டும் காலியானால் மறுபக்கத்துப் பாலில் பாதியை இதில் ஊற்றிக்கொள்வது நல்லது. பாதி நிறைந்த கேனில் பால் தளும்புவதும் ஆட்டத்தைக் கூட்டும். ஷாக் கடைசிப் படி, காற்று 36 வரை, திரும்பி வரும்போது குறைப்பது.

இதற்கெல்லாம் அசராத வண்டி டி.வி.எஸ். எக்ஸ்.எல். தான். டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர் என்பதை எந்த ஊர்க்காரர் வந்தாலும் நான் ஒரு தடவை சொல்லிவிடுவேன்.

திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் (செம்மணல் மேட்டில்) புல்லட் முன்சக்கரம் புதைகிறது.

சீட்டில் பின்னால் தள்ளி உட்காருங்கள், இரண்டாவது கியரில் சீராக இழுங்கள், பார்வை தூரத்தில் இருக்கட்டும். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஷாக்கில் செய்ய ஒன்றுமில்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறேன். சஸ்பென்ஷனில் எதைப் பார்க்க?

விற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோர்க் பைப்பில் விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். குரோமில் நகம் தட்டுகிற இடம் எல்லாம் நாளைக்குச் சீலைக் கிழிக்கும். வண்டிக்கு நேர் முன்னால் நாலடி தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு ஃபோர்க் காலும் இணையாக இருக்கிறதா, முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் பின்சக்கரம் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே ஃபிரேம் குழாயில் பெயிண்டு சுருங்கியோ வெடித்தோ இருந்தால் எங்கேயோ மோதிய வண்டி. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1409 என்றால் 2009-இன் பதினான்காவது வாரம். பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் மரக்கட்டை. விலையில் இரண்டு டயரைக் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.